மலையை மறைத்த நாள்

எங்கள் அலுவலகத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம். மலையை மட்டும் மறைக்கக் கூடாது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். வீடு கட்டுகிறவர்களுக்கு எங்கள் இன்ஜினியர் பிளான் போடுவார். அந்தப் பிளானைக் கம்ப்யூட்டரில் முழு வீடாக எழுப்பி, சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி மாடல் செய்து தருவது என் வேலை. சிவில் டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தவள், கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டு இன்னும் அங்கேயே இருக்கிறேன்.

இந்த வேலையில் லேயர் என்று ஒன்று உண்டு. மாடலுக்குள் சுவர்கள் ஒரு லேயர், கூரை ஒரு லேயர். தண்ணீர்க் குழாய், கரண்ட் ஒயர், கதவு ஜன்னல், கட்டில் பீரோ எல்லாம் தனித்தனி லேயர். ஸ்கிரீன் ஓரத்தில் அவற்றின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு கண் வரைந்திருக்கும். அந்தக் கண்ணைத் தட்டினால் மூடிக்கொள்ளும், அந்த லேயரில் உள்ளதெல்லாம் மறைந்துவிடும். மறுபடி தட்டினால் வந்துவிடும். எதுவும் அழிவதில்லை. எல்லாம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு வீட்டின் சுவர் லேயரை மூடிப் பார்த்தேன். குழாய்கள் தரையிலிருந்து கிளம்பி, வளைந்து நெளிந்து, அந்தரத்தில் ஒரு வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஒயர்கள் ஒன்றும் இல்லாத இடத்தில் ஏறி, ஒன்றும் இல்லாத இடத்தில் திரும்பி, ஒரு ஃபேனில் போய் முடிந்தன. பிறந்ததிலிருந்து வீடுகளுக்குள்தான் இருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் இத்தனை ஓடிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பிளந்த வாய் மூடாமல் உட்கார்ந்திருந்தேன். இன்ஜினியர் வந்து, "இன்னாமா, வாய்ல ஈ பூந்துடப் போவுது" என்றார்.

திருவண்ணாமலையில் வீட்டு மாடலைக் காட்டினால், வருகிறவர்கள் முதலில் கேட்பது "மலை எங்க?" என்பதுதான். கிழக்கு மேற்கெல்லாம் அப்புறம். வாசல் மலைப் பக்கமா, மொட்டைமாடியில் நின்றால் தீபம் தெரியுமா, கட்டிலில் படுத்தால் கால் மலைப் பக்கம் நீளுமா என்று எல்லாம் அதை வைத்துத்தான். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், செயற்கைக்கோள் எடுத்த உயரக் கணக்கை இறக்கி, மலையையே ஒரு லேயராகச் செய்து எல்லா மாடலிலும் வைத்துவிட்டேன். முதல் தடவை அது ஸ்கிரீனில் எழும்பி நின்றபோது, இன்ஜினியர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார். அதன் பிறகு யார் வந்தாலும் ஸ்கிரீனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தங்கள் வீட்டைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் அவசரத்தில் நான் மலை லேயரின் கண்ணைத் தட்டப் போனேன். "ஏம்மா, மலையவே ஆஃப் பண்ணுவியா நீ?" என்று இன்ஜினியர் பதறிப்போனார். அன்றிலிருந்து யாரும் அதைத் தொடுவதில்லை. அந்த லேயர் இருப்பதால் ஃபைல் எருமை மாதிரி நகரும். எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். ஆனாலும் தொடமாட்டேன். சாமி விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் பயம்தான்.

அப்படி இருக்கும்போதுதான் அடி அண்ணாமலையிலிருந்து அந்த அக்கா வந்தார். கிரிவலப் பாதையில் டிபன் கடை வைத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் வேன் ஓட்டியவர். மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு போனபோது வேன் கவிழ்ந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டது. அக்கா விடியற்காலையில் கடைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அதுவரை வீட்டுக்காரர் வாடகை வீட்டில் தனியாகப் படுத்திருப்பார். அந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர்.

மலையடியில் ஒரு மனை வாங்கியிருந்தார்கள். அவர்கள் கேட்டது இரண்டே இரண்டு. அவருக்கு, படுத்தபடி மலையைப் பார்க்கிற மாதிரி ஜன்னல் வைத்த ஒரு அறை. அக்காவுக்கு, பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட, தனி வாசல் வைத்த இரண்டு சின்ன அறைகள். அந்த வாடகை வந்தால் கடையை மூடிவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்துவிடலாம் என்பது அக்காவின் கணக்கு. இன்ஜினியர் இரண்டையும் அந்தச் சின்ன மனைக்குள் அடக்கிவிட்டார். மலைப் பக்கம் அவர் அறை, தெருப் பக்கம் வாடகை அறைகள். கட்டிலைக் குறுக்காகப் போட்டேன், தலையைத் திருப்பினால் மலை தெரியும், காலும் அந்தப் பக்கம் நீளாது. பூமி பூஜைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

மாடலைப் பார்க்க அவரும் வரவேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். எங்கள் அலுவலகத்துக்கு ஏறப் படிக்கட்டுதான். அதனால் அவர் கீழே புங்க மரத்தடியில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து. நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அக்கா அவருக்கு டீ வாங்கி வரச் சாலையைத் தாண்டிப் போனார்.

லேப்டாப்பை அவர் மடியில் வைத்து மாடலைத் திறந்தேன். திறந்ததும் அப்படியே நின்றுவிட்டது. மாடியில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்குகிற ஃபைல் அது, இந்தக் கிழட்டு லேப்டாப் என்ன செய்யும்! பாரத்தைக் குறைக்க லேயர்களை ஒவ்வொன்றாக மறைத்தேன். மரம் செடி போனது. டைல்ஸ் போனது. பெயிண்ட் போனது. கதவுகள்கூடப் போயின. அப்போதும் மாடல் அசையவில்லை. பாரமானவற்றில் மிச்சம் இருந்தது மலை ஒன்றுதான். என் விரல் அங்கே போய் நின்றுவிட்டது.

"இன்னா தங்கச்சி யோசிக்கிறீங்க?" என்றார் அவர்.

"மலைய மறைச்சாதாண்ணா இது நகரும். எங்க ஆபீஸ்ல மலைய மறைக்க மாட்டோம்."

அவர் சிரித்துவிட்டார். "மறைங்க. மார்கழியில மேகம் தெனமும் மறைக்குது. அது எங்க போவப் போவுது?"

அண்ணாமலையாரே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கண்ணைத் தட்டினேன். மலை போய்விட்டது.

மலைக்கு அடியில் தரை இருந்தது. அதாவது, சர்வேயர் அந்த மனையில் கருவி வைத்து அளந்து, பழைய கிராம வரைபடத்தில் இருந்ததையும் சேர்த்துக் குறித்துக் கொடுத்த நிஜமான தரை. அவர் தந்ததை நான்தான் மாடலுக்குள் ஏற்றியிருந்தேன். ஆனால் செயற்கைக்கோள் கணக்கில் செய்த என் மலை மொத்தையானது. அடிவாரத்தில் அது நிஜத் தரைக்குச் சில அடி மேலே, கம்பளியைப் போர்த்திய மாதிரி படர்ந்து கிடந்தது. மலையை எடுக்காததால் கீழே என்ன இருக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை. இப்போது பார்த்தோம். மேட்டிலிருந்து ஒரு நீலக் கோடு இறங்கி வந்தது. மனையின் மூலையில் நுழைந்து, சாய்வாக ஓடி, ரோட்டுப் பக்கம் வெளியே போனது.

"அது இன்னாது, நீலமா?" என்று கேட்டார்.

கோட்டின்மேல் மவுஸை வைத்தேன். 'ஓடை' என்று எழுதியிருந்தது.

சுவர்களையும் மறைத்தேன். கூரையையும் மறைத்தேன். கட்டில் லேயரையும் ஓடையையும் மட்டும் விட்டேன். வெறும் வெளியில் ஒரு கட்டில், அதற்கு அடியில் நட்டநடுவே போகிற நீலக் கோடு. உண்மையாகவே பயந்துவிட்டேன். இத்தனை நாளாக அந்தக் கட்டிலை இப்படி அப்படி நகர்த்தி அழகு பார்த்தவள் நான். அவர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி, எதிரே கட்டிடங்களுக்கு மேலே தெரிந்த நிஜ மலையைப் பார்த்தார். அக்கா டீயோடு வந்து, "வூடு எப்பிடிக் கீது?" என்று கேட்டபோது, நான் லேப்டாப்பை அக்கா பக்கம் திருப்பினேன்.

இன்ஜினியர் முதலில் நம்பவில்லை. "அங்க ஓடை எங்கம்மா கீது? மனை போட்டவங்க சமமாத்தான வெச்சிருக்காங்க" என்றார். சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலையில் இருவரும் அவருடைய காரில் போனோம். மனை தட்டையாக, செம்மண்ணும் கல்லுமாகக் கிடந்தது. ஓடை இருந்த சுவடே இல்லை. மண் கொட்டி நிரவியிருந்தார்கள். ஆனால் நீலக் கோடு வெளியே போகிற திசையில் கொஞ்ச தூரம் நடந்தால், ரோட்டுக்கு அடியில் கல் வைத்துக் கட்டிய ஒரு சின்னப் பாலம் இருந்தது. ஒன்றுமே வராத இடத்துக்கு எதற்குப் பாலம்? இன்ஜினியர் அதன் கட்டைச்சுவர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சர்வேயும் இருந்துச்சு, மலையும் இருந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துக்கினு இருந்துச்சு. நாம கும்பிட்டுக்கினே இருந்துட்டோம்" என்றார். பிறகு என்னிடம், "மலைய முழுசா எடுக்க வேணாம். உள்ள தெரியற மாதிரி பண்ண முடியுமா?" என்று கேட்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பி, மலை லேயரைக் கண்ணாடி மாதிரி மங்கலாக்கினேன். மலைமேல் விழுகிற மழைத்துளி எந்த வழியாக இறங்கும் என்று கணக்குப் போட்டுக் கோடு இழுக்கச் சொல்லலாம். அதையும் செய்தேன். கம்ப்யூட்டர் வெகுநேரம் எடுத்துக்கொண்டது. பிறகு உச்சியில் மயிரிழைபோல ஒரு கோடு தோன்றியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒன்றாகி, அதில் இன்னொன்று வந்து விழுந்து, எல்லாப் பக்கமும், மலை முழுக்க, நீலம் பிரிந்து பிரிந்து இறங்கியது. இறங்க இறங்கத் தடித்து, சுற்றிலும் உள்ள ஏரிகளில் போய் முடிந்தது.

நான் பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்க்கிறேன். நெருப்பாக நின்ற மலை என்று கேட்டு வளர்ந்தவள். கார்த்திகைக்குக் கார்த்திகை அதன் உச்சியில் தீபம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள். அந்த நெருப்பு மலையின் உடம்பெல்லாம் தண்ணீர் போகிற வழியாக இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கள் ஊர் வயலுக்குக்கூட எங்கோ ஒரு கோடு போய்ச் சேர்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்ஜினியர் எழுந்து நின்றார். கையைக் கூப்பினார். இந்தத் தடவை வெகுநேரம் கையை இறக்கவில்லை.

ஆனால் கும்பிட்டால் வீடு வந்துவிடாது. பூமி பூஜையைத் தள்ளி வைத்தார்கள். ஓடையின் வழியை அப்படியே திறந்து விட்டுவிட வேண்டும், அதன்மேல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று இன்ஜினியர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அப்படி விட்டால் மிஞ்சுகிற இடத்தில் இரண்டில் ஒன்றுதான் அடங்கும். ஜன்னல் வைத்த அவர் அறை, இல்லாவிட்டால் அக்காவின் வாடகை அறைகள். அறைகள்தான் என்றால் அவர் கட்டில் ஹாலின் உள்மூலைக்குப் போய்விடும், அங்கே வெளிச்சமே இருக்காது. யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்து அக்காவின் வீட்டுக்காரர் போன் செய்தார். அக்கா கடையில் இருக்கிற நேரம்.

"தங்கச்சி, என் ஜன்னல எடுத்துருங்க. அவளுக்கு ரெண்டு ரூமும் வோணும். எத்தினி வருசம் அடுப்புல வேவுவா? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எடம் பத்தலன்னு நீங்களே சொல்லிருங்க."

சரி என்று சொல்லி வைத்தேன். மதியம் அக்கா, கடைக்கு மளிகை வாங்க டவுனுக்கு வந்தவர், மாடியேறி வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"ரூமுங்க வேணாம் தங்கச்சி. அவரு இனிமேலும் செவுத்தப் பாத்துக்கினு படுத்துருக்கறத என்னால பாக்க முடியாது. ஜன்னல வெச்சிருங்க. நான் சொன்னேன்னு மட்டும் அவருகிட்ட சொல்லாதீங்க. எடம் பத்தலன்னு சொல்லுங்க."

எனக்கு வந்ததே கோபம்! ஒருவருக்கு ஒருவர் பொய் சொல்ல இரண்டு பேருக்கும் நான்தானா கிடைத்தேன்? அக்கா போன பிறகு உட்கார்ந்து இரண்டு புது லேயர்கள் செய்தேன். ஒன்றைத் திறந்தால் அவர் கேட்டபடி ஜன்னல் மறைந்துவிடும், மற்றதைத் திறந்தால் அக்கா கேட்டபடி வாடகை அறைகள் மறைந்துவிடும். முதலாவதற்கு 'அண்ணன் சொன்னது' என்றும் இரண்டாவதற்கு 'அக்கா சொன்னது' என்றும் பெயர் வைத்தேன். சொல்லக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

அடுத்த தடவை ஆட்டோ வந்து புங்க மரத்தடியில் நின்றது. இந்த முறை மலை இல்லாத ஃபைல், லேப்டாப்பில் தண்ணீர் மாதிரி ஓடியது. முதல் லேயரைக் காட்டினேன். வாடகை அறைகள் இருந்தன, ஜன்னல் இல்லை. அதை மூடி இரண்டாவதைக் காட்டினேன். ஜன்னல் இருந்தது, அறைகள் இல்லை. பிறகு இரண்டையும் சேர்த்துத் திறந்தேன். ஜன்னலும் இல்லை, அறைகளும் இல்லை. நாலு சுவருக்குள் ஒரு அடுப்பும் ஒரு கட்டிலும் மட்டும் இருந்தன.

அக்கா ஸ்கிரீன் ஓரத்தில் இருந்த பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு அவரைப் பார்த்தார். அவர் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உங்கள யாரு ஜன்னல எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார் அக்கா. குரல் உடைந்திருந்தது.

"உன்ன யாரு ரூம எடுக்கச் சொன்னது?"

"மொதல்ல நான் கேட்டேன்."

"அப்ப மொதல்ல நீ சொல்லு."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டோ ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு நாகரிகமாக இறங்கிப் பீடி வாங்கப் போனார். நானும் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு தடவையாவது இப்படிச் சண்டை போட்டிருக்கிறோமா என்று யோசித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் இன்ஜினியர் படியிறங்கி வந்து வழி சொன்னார். அஸ்திவாரத்தை இப்போதே பலமாகப் போட்டுக்கொள்வது. கீழே அண்ணன் அறை, ஜன்னலோடு. வாடகை அறைகள் மாடியில், கையில் வசதி வரும்போது. அதுவரை கடை நடக்க வேண்டியதுதான். "மத்தியானம் வந்து உங்களுக்கு சோறு போட்டுட்டுப் போறேன்" என்றார் அக்கா, அவரைப் பார்த்து. ஓடைக்கு விட்ட இடம் இருப்பதால் ஜன்னலுக்கும் மலைக்கும் நடுவில் எந்தக் காலத்திலும் ஒரு சுவர் எழும்பாது. அதை இன்ஜினியர் சொன்னபோது அண்ணன் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

வீடு எழும்பியது. ஓடை இருந்த இடத்தில் கொட்டிய மண்ணை வாரிவிட்டு, கரைக்குக் கல் அடுக்கினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், "இத்தினி எடத்த சும்மா வுட்டுட்டீங்களே" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார்கள். முதல் மழைக்காலத்தில் தூறலோடு சரி. எனக்கே உள்ளூரச் சந்தேகம் வந்துவிட்டது. நீலக் கோட்டை நம்பி இரண்டு பேருடைய வாழ்க்கையைக் கிழித்துத் தைத்துவிட்டோமோ என்று நினைப்பேன்.

அடுத்த வருஷம் புயல் மழை வந்தது. விடாமல் கொட்டி, ஒரு காலையில் கொஞ்சம் ஓய்ந்தது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் கிடைத்து, டவுனில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தேன். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. லாரி வருகிறது என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். லாரி வரவில்லை.

வீட்டுக்குள் போனேன். அவர் ஜன்னல் ஓரம் சக்கர நாற்காலியில் இருந்தார். அக்கா பின்னால் நின்றிருந்தார். அன்று கடை திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, நாங்கள் விட்ட இடம் முழுக்க, சிவப்பாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாறாங்கற்களை உருட்டிக்கொண்டு, வேரோடு ஒரு மரத்தை இழுத்துக்கொண்டு போனது. மேலே மலை பாதி மேகத்தில் இருந்தது. தெரிந்த பாதியில், கருத்த பாறைகளில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியாக்கிய மலையில் நான் பார்த்த அதே வழிகள். ஆனால் கம்ப்யூட்டரில் அதற்குச் சத்தம் இல்லை, தரை அதிரவில்லை. கையைக் கூப்பத்தான் தோன்றியது, கூப்பினேன்.

தண்ணீரின் நடுவில் ஓர் இடத்தை அவர் விரலால் காட்டினார். "அங்க தான தங்கச்சி என் கட்டிலு?"

"ஆமாண்ணா."

அக்கா அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். "நாங்கெல்லாம் எழுந்து ஓடியிருப்போம். இவரு..." என்று ஆரம்பித்தார்.

அவர் தோளில் இருந்த அக்காவின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார், கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல்.

"பேசாம பாரு. எவ்ளோ அழகாப் போவுது பாரு" என்றார்.